உன் மாமா கண்ணுக்கு ஒரு செட்டிங்ஸ் வை

சரவணா,

வாட்ஸ்அப்பில் திட்டினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். போனில் திட்டினால் மீட்டிங் என்கிறாய். அதனால்தான் பேனாவும் பேப்பரும். இதில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, வெளிச்சத்தைக் கூட்ட முடியாது, என் சத்தத்தைக் குறைக்கவும் முடியாது. நான் எழுதியபடிதான் நீ படித்தாக வேண்டும். என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்பாள் உன் அம்மா. அதையும் சேர்த்து அனுபவி. அடுத்தவன் வைத்தபடியே ஒன்றைப் பார்ப்பது எவ்வளவு சுகம் என்று உனக்கும் தெரியட்டும்.

வைகாசியில் கல்யாணம். கல்யாணமாகப் போகும் மகனுக்கு அப்பன் எழுதும் கடிதத்தில் வரப்போகிறவளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாலு நல்ல வார்த்தை இருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தகுதி கிடையாது என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வருகிறது. சரி, எனக்குத் தகுதி உள்ள ஒரே விஷயத்தைச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் இத்தனை வருஷம் கேபிள் டிவி நடத்தியவன் நான். படம் வரவில்லை என்று சொன்ன வீட்டுக்கெல்லாம் ஏணியோடு போனவன். நான் பார்த்தது எல்லாம் அடுத்தவன் வீட்டுத் திரை. அந்தத் தகுதியில்தான் இப்போது உன் மேல் இவ்வளவு கோபமாக இருக்கிறேன். அம்மாவின் தம்பி ஏழுமலை உன் கல்யாணத்தில் தாய்மாமனாக உன் நெற்றியில் பட்டம் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டான். காரணம் நகையோ சீரோ பத்திரிகையில் பெயர் போட்ட வரிசையோ இல்லை. நீ செய்த கம்ப்யூட்டர் கேம். இதை வெளியே சொன்னால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதனால்தான் இன்னும் கோபமாக வருகிறது.

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒருமுறை கேள். நீ சென்னை ஆபீசை வீட்டு மாடிக்குக் கொண்டுவந்து உட்கார்ந்திருந்த காலம். நம் ஆட்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் போராட்டம், இன்றைக்கு எந்த ரோடு அடைப்பு என்று காலையில் கேட்டுவிட்டுத்தான் ஏணியைத் தூக்குவேன். மூங்கில்துறைப்பட்டு ஆலையில் அரவை நடந்துகொண்டிருந்தது. ஏழுமலை தன் டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு சங்கராபுரம் தாண்டி வந்தபோது மறியலில் மாட்டினான். இதில் கூத்து, முதல் நாள் அதே இடத்தில் உட்கார்ந்து தொண்டை கட்டக் கோஷம் போட்டவன் இவன்தான். வண்டியை விடச் சொல்லிக் கேட்டால், “நேத்து நீ எழுந்து வழி வுட்டியா ண்ணே?” என்று கேட்டார்களாம். கோரிக்கை நியாயம், கேள்வியும் நியாயம், பின்னால் வெயிலில் காய்கிற கரும்பும் நியாயம். வெட்டிய கரும்பு நிற்க நிற்க எடை குறையும். இறங்கிப் போய் லோடின் சங்கிலியை இறுக்கினான். அப்போதுதான் கரும்பின் காய்ந்த இலை, ஒரு சோகை, சரக்கென்று இடது கண்ணில் கீறியது. கரும்புச் சோகை பிளேடு மாதிரி என்பது ஊரில் பிறந்த உனக்குத் தெரியும். ஈரத் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு, வண்டியைத் திருப்பி, ஏரிக்கரை ஏரிக்கரையாகப் புகுந்து ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். முன்னாடியே வந்திருக்கலாமே என்றார் டாக்டர். முன்னாடி கரும்பு இருந்தது என்றான் இவன். அந்தக் கண்ணில் பூ விழுந்துவிட்டது. இன்னொரு கண்ணும் முன்போல இல்லை.

இதை நீ கேமாகச் செய்கிறேன் என்றபோது நான்தான் முதலில் சந்தோஷத்தில் குதித்தேன். மறித்த ரோடு, ஏரிக்கரை, காய்ந்துகொண்டே வரும் கரும்பு, கடைசியில் ஆலை. எனக்கே புல்லரித்தது. பனி மூட்டம் வேண்டும், மலை மூட்டம் வேண்டும் என்று நீ கேட்க, விடியுமுன்னே உன்னைப் பைக்கில் வைத்து வெள்ளிமலைக்கு ஏற்றினேனே, மறந்திருக்க மாட்டாய். ஒவ்வொரு வளைவிலும் நீ இறங்கிப் படம் எடுத்தாய், நான் இறங்கி வாந்தி எடுத்தேன். பைக்கை ஓட்டியவனே வாந்தி எடுத்ததைக் கல்வராயன் மலை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருக்கும். ஏழுமலையை ஞாயிறு ஞாயிறாக மாடிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாய். டிரெய்லர் எந்தத் திருப்பத்தில் வாலாட்டும், எந்தக் கரையில் சக்கரம் இறங்கும் என்று கேட்டுக் கேட்டு வாங்கினாய். இன்ஜின் சத்தத்துக்கு இன்டர்நெட்டில் கிடைத்ததெல்லாம் வெள்ளைக்காரன் டிராக்டராக இருக்கிறது என்றாய். ஏழுமலை வாயாலேயே டுபுடுபுவென்று ஓட்டிக் காட்டினான், மேட்டில் திணறுவது, கியர் விழாமல் கறகறப்பது, எல்லாம். நீ மைக்கை வைத்துப் பிடித்துக்கொண்டாய். அந்தக் கேமில் ஓடுவது டீசலில் இல்லை, உன் மாமன் எச்சிலில்.

கேமை இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டாய். எந்த தேசத்துக்காரனோ மூட்டம் பிரமாதம் என்று எழுதியதை எனக்கு அனுப்பினாய். நானும் டீக்கடையில் நாலு பேருக்குக் காட்டினேன். அதற்குள் நீ சென்னைக்குத் திரும்பிவிட்டாய். ஏழுமலை பார்க்க வேண்டாமா? அவன் மகள் கௌசல்யாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப் இருக்கிறது. அதில்தான் ஏற்றினாள். அவன் வீட்டில் எல்லோரும் சுற்றி நின்றோம். கேம் திறந்ததும் அவன் வாய்ச் சத்தமே டுபுடுபுவென்று வர, அவன் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதோடு சிரிப்பு முடிந்தது.

உன் ஆபீஸ் திரை நடுவீட்டுக் கதவு அகலம். அந்த அளவுக்கே படத்தை வெட்டி வைத்திருக்கிறாய். கௌசல்யாவின் லேப்டாப் ஜன்னல் அளவு. படம் ஜன்னலுக்குத் தக்கபடி சுருங்காமல் வெளியே வழிந்துவிட்டது. கரும்பு எவ்வளவு காய்ந்தது, டீசல் எவ்வளவு இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் நீ கீழே வைத்திருக்கிறாய். அந்தக் கீழ்ப்பக்கம் இவர்கள் திரையில் இல்லவே இல்லை. மேலே மூட்டம். நல்ல கண்ணுக்கே ரோடு எது ஏரி எது என்று தெரியாத மூட்டம். உன் மாமன் திரையில் மூக்கு படக் குனிந்து ஓட்டினான். ஏரியில் விழுந்தான். மறுபடி ஓட்டினான். கரும்பு காய்ந்துவிட்டது, ஆட்டம் முடிந்தது என்று வந்தது. மறுபடியும். மறுபடியும் அதேதான். கௌசல்யா தேடாத இடமில்லை, சின்னதாக்க, பெரிதாக்க, வெளிச்சம் கூட்ட என்று ஒரு பொத்தான்கூட நீ வைக்கவில்லை. கடைசியில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: “நெஜத்துல போய் சேந்துட்டன் மாமா. கரும்பு காயவே இல்ல. இதுல மட்டும் இன்னா பண்ணாலும் போய் சேர மாட்டங்குது.”

அப்போதுதான் உனக்கு போன் போட்டேன். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டது நான்தான். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம், உன் அம்மா பாதி வேலையை முடித்துவிட்டாள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மூட்டம்தான் அந்த கேமோட உயிர், வெளிச்சம் கூட்ட விட்டா எல்லாம் பல்லிளிச்சிடும் என்றாய். அது பரவாயில்லை. எழுத்தையாவது பெரிதாக்க வழி வையேன்டா, மாமாவுக்குத் தெரியவில்லை என்றேன். அதற்கு நீ, “மாமா ஒருத்தருக்காக கேமையே மாத்த முடியுமாப்பா? செட்டிங்ஸ் குடுத்தா ஆளாளுக்கு நோண்டிக் கெடுத்துடுவாங்க. வேற நல்ல லேப்டாப்ல பாக்கச் சொல்லு” என்றாய். நான் போனைக் காதுக்கு மாற்றுவதற்குள் எல்லாம் அவன் காதில் விழுந்துவிட்டது. லேப்டாப்பை மெதுவாக மூடினான். தோளில் கிடந்த துண்டால் அதன் மேல் இல்லாத தூசியைத் துடைத்தான். “வுடு மாமா, புள்ள ஏதோ வேலையா இருந்திருக்கும்” என்றான்.

போன வாரம் பத்திரிகை வைக்கப் போனோம். முகூர்த்தத்தன்று விடியற்காலையிலேயே வந்துவிடு, தாய்மாமன் பட்டம் கட்டிய பிறகுதான் மாப்பிள்ளையை மணவறைக்கு அனுப்ப வேண்டும் என்றாள் உன் அம்மா. அவன் பத்திரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படிப்பது மாதிரி செய்தான். பிறகு சொன்னான், “நம்ம வூட்டுப் பெரியவங்க யாரையாச்சும் கட்டச் சொல்லுக்கா. எனக்கு நெத்தி எங்க இருக்குதுன்னே சரியா தெரியறதில்ல. கோணையா கட்டி, போட்டோவுல வந்து, நான் கெடுத்ததா இருக்க வேணாம்.” உன் அம்மா திண்டாடிப்போய் அவனைத் திட்டினாள், அழுதாள். அவன் அசையவில்லை. கெடுத்ததா. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அது உன்னுடைய சொல். உன்னிடமிருந்து ஸ்பீக்கர் வழியாக அவன் வீட்டுக்குள் போய், அங்கேயே தங்கிவிட்டது.

ஆளாளுக்குக் கெடுத்துவிடுவார்களாம். கேளடா, இந்த ஊரில் யார் யார் படத்தை எப்படிக் கெடுக்கிறார்கள் என்று என்னைவிட அறிந்தவன் கிடையாது. ஆலை ரோட்டில் ஒரு பெரிய வீடு, பெயர் வேண்டாம், பெண் கேட்டு நாமும் ஒருமுறை போன வீடு. சுவர் அகலத்துக்கு டிவி. பழைய படத்தை இரண்டு பக்கமும் இழுத்து வைத்துப் பார்ப்பார்கள். ஓரத்தில் கறுப்பாக விட்டால் காசு வீணாம். கதாநாயகி எல்லாம் அண்டா மாதிரி நடந்து வருவாள். நான் சரி செய்துவிட்டு வருவேன், மறுநாளே அந்த அம்மா பழையபடி இழுத்துவிடுவாள். கேட்டால், “ஒல்லியா இருந்தா பாக்கவே பாவமா கீதுங்க” என்பாள். அடுத்த தெருவில் ரிட்டயர்டு வாத்தியார், கலரை முழுக்க எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் கிரிக்கெட் பார்ப்பார். கலர் இருந்தால் பந்து ஓடி ஒளிகிறதாம். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பரோட்டா கடையில் சிவப்பைக் கூட்டிக் கூட்டி, செய்தி வாசிக்கிற பெண்ணுக்குத் தக்காளி முகம். எனக்கு அப்போதெல்லாம் ஒரு கர்வம், நான் கொடுப்பது சுத்தமான படம், இதுகளுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று. வயசாக ஆகத்தான் உறைத்தது. நான் அனுப்புவது சிக்னல். படம் அவர்கள் வீட்டில்தான் உருவாகிறது. டிவி அவர்களுடையது, கண் அவர்களுடையது, சாயங்காலம் அவர்களுடையது. அண்டா நாயகியைப் பார்த்து அந்த அம்மா சிரித்துக்கொண்டே தூங்கப் போனால் எனக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நீ கேட்டதில்லை. நம் லோக்கல் சேனலில் கீழே ஓடும் எழுத்து போடுவேனே, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று. ஒரு காதுகுத்துக்கு வாழ்த்துப் போட்டேன். குழந்தையின் தாய்மாமன் திருநாவலூர்க்காரர், தன் பெயர் டிவியில் ஓடுவதைப் பார்க்கவே பஸ் ஏறித் தங்கச்சி வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலத்து டிவி படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். அந்த வீட்டு டிவி கீழ்ப்பக்கத்தை நன்றாகவே விழுங்கிவிட்டது. குழந்தை பெயர் தெரிகிறது, அப்பன் பெயர் தெரிகிறது, கீழ் வரியில் இருந்த மாமன் பெயர் மட்டும் இல்லை. ஆள் நேரே என் கேபிள் கடைக்கு வந்துவிட்டார். நான் என் பெட்டியில் போட்டுக் காட்டினேன், இதோ பாருங்கள், பெயர் இருக்கிறது, உங்கள் டிவிதான் வெட்டுகிறது என்று சட்டம் பேசினேன். அவர் சத்தமே போடவில்லை. “தங்கச்சி வூட்டு டிவில இல்லாத பேரு உங்க கடையில இருந்தா எனக்கு இன்னாங்க?” என்று கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து எந்த எழுத்து போட்டாலும் கீழே இரண்டு விரல் இடம் விட்டு மேலே ஏற்றித்தான் போடுவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பத்திரிகை வைத்துவிட்டு வந்த கோபத்தில், அப்படி என்னதான் செய்து வைத்திருக்கிறான் என்று கடையில் இருக்கும் பெரிய டிவியில் உன் கேமைப் போட்டு உட்கார்ந்தேன். ஏரியில் எத்தனை முறை விழுந்தேன் என்று கேட்காதே, மீன்களுக்கெல்லாம் என்னைப் பெயர் சொல்லித் தெரியும். ஒருவழியாக ஆலைக்குள் வண்டி நுழைந்தது. மூட்டம் விலகி வெயில் அடித்தது. நன்றாகத்தான் செய்திருக்கிறாய், இல்லை என்று சொல்லவில்லை. படம் முடிந்தும் ஏதோ பாக்கி இருக்கிற மாதிரி தோன்றியது. பழைய பழக்கம், டிவி செட்டிங்ஸில் போய் ஓரம் வெட்டுவதை நிறுத்தினேன். கீழே, அடியோ அடியில், எறும்பு ஊர்வது போல ஒரு வரி: “இந்த வண்டியை நிஜமாக ஓட்டியவர், என் மாமா ஏழுமலை.”

அடப் பாவி. எழுதியிருக்கிறாய். எழுதி, ஏழுமலை வீட்டில் எந்தக் காலத்திலும் தெரியாத இடத்தில் வைத்திருக்கிறாய். அவன் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த வரி வரும். உன் மூட்டத்தில் அவனால் போய்ச் சேர முடியாது. யார் கையைப் பிடித்தாவது போய்ச் சேர்ந்தாலும், அந்த வரி லேப்டாப்புக்கு வெளியே விழுந்து கிடக்கும். இதைப் பார்த்த பிறகு என் கோபம் குறைந்திருக்க வேண்டும். ஜாஸ்தியாகிவிட்டது. பாசம் இல்லாதவன் செய்தால் போகட்டும் என்று விடலாம். உள்ளே இவ்வளவு வைத்துக்கொண்டு, அதை அடுத்தவன் பார்க்கிறானா என்று திரும்பிப் பார்க்க ஒரு நிமிஷம் இல்லாதவனை என்ன செய்வது? ரோட்டில் உட்கார்ந்தவர்கள் எங்களுக்கும் இடம் விடு என்றுதான் கேட்டார்கள். அதை வைத்து நீ கேம் செய்தாய். அந்தக் கேமுக்குள்ளே உன் மாமன் தன் ஒரு கண்ணுக்குக் கொஞ்சம் இடம் கேட்டான், நீ கேட்டை மூடினாய்.

மூட்டத்தை எடுக்கச் சொல்லவில்லை. அதற்காக வாந்தி எடுத்தவன் நான், எனக்கும் அதில் பங்கு உண்டு. கேம் திறக்கும்போது உன் மூட்டம் நீ வைத்தபடியே வரட்டும். பிடித்தவர்கள் அப்படியே பார்க்கட்டும். ஓரத்தில், இல்லை, ஓரத்தில் வேண்டாம், நடுவிலேயே பெரிய எழுத்தில் செட்டிங்ஸ் என்று ஒரு பொத்தான் வை. திரைக்குத் தக்கபடி படம் சுருங்க வேண்டும். எழுத்து பெரிதாக வேண்டும். வெளிச்சத்தை அவனவன் கூட்டிக் குறைக்க வழி வேண்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் எவனும் சின்னதாக்க முடியாதபடி திரை நடுவில் வை. இதெல்லாம் பெரிய வேலை இல்லை, ஒரு நாளில் முடியும் என்று கௌசல்யா சொல்கிறாள். அவளும் கம்ப்யூட்டர்தான் படிக்கிறாள், என்னை ஏமாற்றாதே.

பெயர் இருப்பதை நான் ஏழுமலையிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. இந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தை வெளியே விடாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய உபவாசம் என்று உனக்குத் தெரியும். சொன்னால் சமாதானத்துக்கு மாமா கதை விடுகிறார் என்பான். எங்கேயோ ஒரு டிவியில் இருக்கும் பெயர் அவனுக்கு எதற்கு? அவன் வீட்டில், அவன் மகள் லேப்டாப்பில், அவன் கண்ணால் அவனே பார்க்கட்டும். நீ சரிசெய்து அனுப்பிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேபிள் பார்க்கிற சாக்கில் நான் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவன் வண்டி ஆலைக்குள் போனதும், பட்டத்தை அவன் கையில் கொடுக்கிறேன். அப்போது வாங்கிக்கொள்வான் என்று நினைக்கிறேன். வாங்காவிட்டால் நீயே வந்து அவன் வாசலில் நின்று கேள்.

கல்யாணத்தன்று அவன் கட்டும்போது நீ நெற்றியை அவன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குனிந்து நில். அவன் விரலால் தடவிப் பார்த்துத்தான் கட்டுவான், நேரமாகும், ஐயர் அவசரப்படுத்துவார், காது கேட்காதவன் மாதிரி இரு. பட்டம் கோணலாகத்தான் வரும். போட்டோக்காரன் நேராக்க வந்தால் அவன் கையைத் தட்டிவிடு.

அப்பா